எட்டு மாசமா இரும்பு மாத்திரை, ஹீமோகுளோபின் மட்டும் ஏறவே இல்ல, ஏன்?

போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, நாற்பது வயசு தாண்டியிருக்கும், கையில தடியா ஒரு ஃபைல். எட்டு மாசமா இரும்பு மாத்திரை ஒரு நாள் விடாம போடுறாங்க, ஹீமோகுளோபின் 9-லயே நிக்குது, வயித்தெரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம். "நான் ஒழுங்கா சாப்பிடுறதில்லன்னு வீட்ல எல்லாரும் திட்டுறாங்க டாக்டர்"னு சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் கிளம்புற நேரத்துல பேச்சுவாக்குல சொன்னாங்க, காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்கவே முடியலன்னு. அவ்வளவு பெரிய ஃபைல்ல அந்த ஒரு விஷயம் எங்கயுமே இல்ல. உடம்புல இரும்பு கையிருப்பு எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் பாக்கச் சொன்னேன், 380 வந்துச்சு. கையிருப்பு இருக்கு, ரத்த அணுக்களைச் செய்யுற எலும்பு மஜ்ஜைக்குத்தான் போய்ச் சேரல.

இத கொஞ்சம் பொறுமையா சொல்லணும். நம்ம மஜ்ஜை ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 20 லட்சம் சிவப்பணு செய்யுது, அதுக்கு தினம் 20-லேருந்து 25 மில்லிகிராம் இரும்பு வேணும், ஆனா குடல் வழியா உள்ள வர்றது 1 இல்ல 2 மில்லிகிராம்தான். மிச்சம் எல்லாமே 120 நாள் ஓடி முடிச்ச பழைய சிவப்பணுவை மேக்ரோஃபேஜ்ங்கிற துப்புரவு செல்கள் உடைச்சு எடுத்துத் திருப்பிக் குடுக்குற இரும்பு. இப்ப உடம்புல எங்கயோ நாள்பட்ட அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருக்குன்னு வைங்க, மூட்டுவாதம், காசநோய், குடல் அழற்சி, கேன்சர், எதுவா வேணா இருக்கலாம். நோய் எதிர்ப்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்லிக்க சைட்டோகைன்னு சின்னப் புரோட்டீன்களை வெளிய விடும், அதுல இன்டர்லூக்கின்-6 ஈரலுக்குப் போய் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனை அதிகமா சுரக்க வைக்குது. செல்லுக்குள்ள இருக்குற இரும்பு வெளிய வர்றதுக்கு ஃபெரோபோர்ட்டின்னு ஒரே ஒரு வாசல்தான், ஹெப்சிடின் அந்த வாசலையே அழிச்சிடுது. மேக்ரோஃபேஜ்ல இருக்குற இரும்பு அங்கயே மாட்டிக்கும், குடல் செல்லுல இருக்குறதும் அப்படித்தான், அதனாலதான் மாத்திரை எத்தனை போட்டாலும் பெருசா உள்ள ஏறல. அந்த அம்மா மேல தப்பே இல்லங்க.

உடம்பு ஏன் இப்படிப் பண்ணுதுன்னு கேட்டா, கிருமிகள் வளர்றதுக்கும் இரும்பு வேணும், அதுக்குக் கிடைக்காம ஒளிச்சு வைக்குது. நாலு நாள் காய்ச்சலுக்கு நல்ல ஏற்பாடுதான், மாசக்கணக்கா நீடிச்சாதான் ஆபத்து.

இரும்பு மட்டும் இல்ல. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1னு வேற ரெண்டு சைட்டோகைன், சிவப்பணு செய்யச் சொல்லி மஜ்ஜையைத் தூண்டுற எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் கிட்னியில சுரக்குறதைக் குறைக்குது, இன்டர்ஃபெரான் காமாங்கிற இன்னொரு சைட்டோகைன் மஜ்ஜைக்குள்ளயே வேலை செஞ்சு சிவப்பணு ஆகப்போற இளம் செல்களை அடக்கி, வெள்ளணு பக்கமா உற்பத்தியைத் திருப்பி விடுது. அதே நேரம் ஜி-சிஎஸ்எஃப்ங்கிற இன்னொரு சிக்னல் நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணுவை அவசர அவசரமா செய்ய வச்சு, முழுசா முதிராததைக் கூட ரத்தத்துக்கு அனுப்பும், இன்டர்லூக்கின்-6 ஈரல் வழியா த்ராம்போபொய்ட்டின்ங்கிற ஹார்மோனைக் கூட்டி, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டை ஏத்தும். இந்த ஜி-சிஎஸ்எஃப்பைத்தான் 1991-லேருந்து ஊசியா, கீமோவுக்கு அப்புறம் வெள்ளணு விழாம இருக்கக் குடுக்குறோம். ஊசி போட்டதும் இடுப்பு, முதுகு எலும்பெல்லாம் வலிக்குதுன்னு பயந்து ஃபோன் பண்றவங்க நிறைய பேரு, அது மஜ்ஜை வேகமா வேலை செய்யும்போது வர்ற வலி, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும்.

எதிர்ப்பு சக்தி மஜ்ஜையை அடக்குறதோட கடுமையான முகம், மஜ்ஜையே வேலையை நிறுத்திடுற அப்ளாஸ்டிக் அனீமியா. டி செல்கள்ங்கிற எதிர்ப்பு செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை விட்டு, எல்லா ரத்த அணுவுக்கும் மூலமான ஸ்டெம் செல்லையே அழிச்சிடும், மஜ்ஜையில கொஞ்சம் எடுத்து பயாப்ஸி பண்ணிப் பாத்தா செல் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கொழுப்புதான் இருக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து குடுத்தா பல பேருக்கு மஜ்ஜை திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்குதுங்கிறதை நேர்ல பாக்குறப்ப இன்னைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, நீங்க என்ன கவனிக்கணும்னா, ரிப்போர்ட்ல சீரம் அயர்ன் (ரத்தத்துல ஓடுற இரும்பு) கம்மின்னு மட்டும் பாத்து இரும்பு போதலன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா அழற்சியிலயும் அது கம்மியாத்தான் இருக்கும். ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (இரும்பைத் தூக்கிட்டுப் போற புரோட்டீன்ல எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுறது), சிஆர்பி (அழற்சி இருக்கான்னு காட்டுறது) மூணையும் சேத்துப் பாக்கணும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழன்னா இரும்பு குறைவுன்னு தைரியமா சொல்லலாம், ஆனா அழற்சி இருந்தா ஃபெரிட்டினும் தானா ஏறும், அதனால அப்ப 100 வரைக்கும் இருந்தாக் கூட உண்மையிலயே இரும்பு குறைவும் சேர்ந்து இருக்கலாம். ரெண்டும் ஒண்ணா இருக்குறவங்க நிறைய, அவங்களுக்கு ரத்தக்குழாய் வழியா இரும்பு ஏத்துனா பலன் கிடைக்கும், அதனால இதைப் படிச்சிட்டு நீங்களா மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா போட்டும் ஹீமோகுளோபின் ஏறலன்னா அதே மாத்திரையைத் திரும்ப வாங்காம டாக்டர்ட்ட போய், வேற என்ன காரணம்னு கேளுங்க. மூட்டு விறைப்பு, விட்டு விட்டு வர்ற காய்ச்சல், எடை குறையுறது, மலத்துல ரத்தம், இதெல்லாம் சம்பந்தமே இல்லாத மாதிரி தோணினாலும் கட்டாயம் சொல்லுங்க.

அந்த அம்மாவுக்கு மூட்டுவாதம்னு உறுதியாச்சு, அதுக்கு வைத்தியம் ஆரம்பிச்சோம், இரும்பு மாத்திரையை நிறுத்திட்டோம். ஆறு மாசத்துல ஹீமோகுளோபின் 11.8. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இது சாப்பாட்டுனால வந்ததில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர், வீட்ல காட்டணும்னு கேட்டாங்க. எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.