ஆக்கிரமிப்பு இனமா, அடரினமா?

திருகோணமலையில் ‘ஆக்கிரமிப்பு’ என்று சொன்னால் முதலில் மனதுக்கு வருவது காணிதான். பாடப்புத்தகத்தில் ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்று படிக்கிற பிள்ளைக்கு, அது வெளியிலிருந்து வந்து பரவி, இங்குள்ள உயிர்களைக் கெடுக்கும் செடியையும் மீனையும் பற்றிய பேச்சு என்று விளங்கவே கொஞ்ச நேரம் எடுக்கும்.

ஆங்கிலத்தில் ‘இன்வேசிவ்’ என்பார்கள். லத்தீன் வேரின் பொருள் ‘உள்ளே நடந்து போதல்’. நம் ‘ஆக்கிரமிப்பு’ வடமொழியிலிருந்து வந்தது. அதன் வேரான ‘க்ரம்’ என்பதும் காலடி எடுத்து வைப்பதுதான். இரண்டு சொல்லும் படையெடுப்பையே காட்டுகின்றன. ஆனால் இந்த உயிர்கள் தாமாகப் படையெடுத்து வரவில்லை. கொண்டுவந்தது மனிதர்.

ஆகாயத்தாமரையைப் பாருங்கள். (சித்த மருத்துவத்தின் ஆகாயத்தாமரை வேறு செடி, அந்தப் பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.) சிங்களத்தில் ‘ஜப்பான் ஜபர’ என்றாலும் பிறந்த இடம் தென்னமெரிக்காவின் அமேசன் படுகை. ஊதாப் பூவின் அழகுக்காக 1905 அளவில் இலங்கைக்கு வந்தது. 1909இலேயே இதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. காற்று நிரம்பிய தண்டில் மிதக்கும். ஏற்ற நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். குளத்தின் முகத்தை மூடிவிட்டால் அடியில் வெளிச்சமில்லை, நீர்ப்பாசி வளராது, அழுகும் இலை மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறும், அல்லி ஒதுங்கும், வலை வீச இடமிருக்காது. விதையோ சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். இதெல்லாம் ஒரு பூவுக்காக நடந்தது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சரி, ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்பதற்குப் பதில் ‘வந்தேறி இனம்’ என்று சொன்னால் என்ன? வேண்டாம் என்பேன். அது மனிதரை இழித்துப் பேசும் சொல்லாகிவிட்டது. பொருளிலும் பிழை. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை இல்லாமல் நம் சமையல் உண்டா? திலாப்பியா 1952இல் வந்தது, இன்று நம் குளத்து மீன்பிடியே பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. அயலிலிருந்து வந்தது என்பது மட்டும் குற்றமில்லை. பரவி, இங்குள்ள உயிர்களை நெருக்கிக் கெடுத்தால்தான் ‘இன்வேசிவ்’ என்ற பெயர் பொருந்தும். உலகில் பதிவான இன அழிவுகளில் 60 சதவீதத்தில் இத்தகைய இனங்களுக்குப் பங்குண்டு என்று, உயிர்ப்பல்வகைமை பற்றி அரசுகளுக்கு அறிவியல் அறிக்கை தரும் ஐபிபெஸ் அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது.

அந்த நெருக்குதலைச் சொல்ல நம்மிடமே ஒரு வினை இருக்கிறது: அடர்தல். நெருங்கிச் செறிதல் ஒரு பொருள். தாக்கி வருத்துதல் இன்னொரு பொருள். ‘அடர்ந்த காடு’ என்கையில் முதலாவது. தேவாரத்தில் மலையைத் தூக்கிய இராவணனைச் சிவன் விரலால் ‘அடர்த்தான்’ என்று வரும்போது இரண்டாவது, அதாவது நசுக்குதல். கோணேசர் மலையில் ‘இராவணன் வெட்டு’ என்னும் பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான சொல்லே இல்லை. செறிந்து வளர்ந்து மற்றதை நசுக்கும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘அடரினம்’. வெளியிலிருந்து வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘அயல் அடரினம்’. ஆகாயத்தாமரையும், அதைப்போலவே நீரில் மிதந்து பரவும் சல்வீனியாவும் அடர்செடிகள். மிளகாய் அயற்செடி மட்டுமே. மீன்தொட்டியைச் சுத்தமாக்க வாங்கி, பெருத்ததும் குளத்தில் கொண்டுபோய் விடுகிறோமே, அந்த உறிஞ்சுவாய்க் கெளிறு அடர்மீன்.