பறக்கும் வாத்துக்கு எந்த லென்ஸ்?

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் நெல் வயல்களில் தண்ணீர் கட்டியிருக்கும் காலத்தில் விடியற்காலையில் போனால், சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாகத் தலைக்கு மேல் கடப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. மலாய்க்காரர்கள் பெலிபிஸ் என்று சொல்லும் வாத்து இது. அதைப் படமெடுக்கக் கிளம்பும் பினாங்குக்காரர் கடையில் முதலில் கேட்பது, "600 மி.மீ. வாங்கலாமா?" என்றுதான். மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம்; அது கூடினால் பறவை பெரிதாகத் தெரியும், பார்க்கும் அகலம் குறையும். அந்த லென்ஸை எவ்வளவு விரைவாகத் திருப்ப முடியும் என்று கேட்பவரைக் காண்பது அரிது.

ஒரு வாத்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், 40 மீட்டர் தொலைவில் குறுக்கே பறப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர். அதைத் தொடர கேமராவை நொடிக்குச் சுமார் 29 பாகை திருப்ப வேண்டும். முழு அளவு சென்சர் (படத்தைப் பதிவுசெய்யும் தகடு) உள்ள கேமராவில் 500 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலமோ ஏறக்குறைய 4 பாகைதான். கேமராவை அசைக்காமல் நின்றால் நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் பறவை சட்டகத்தைக் கடந்துவிடும். 300 மி.மீ. லென்ஸில் கால் நொடியாவது கிடைக்கும். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானம் வாத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமானது; ஆனாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போவதால் நொடிக்கு 4 பாகை திருப்பினாலே போதும். படமெடுப்பவரைத் திணறடிப்பது இந்தக் கோண வேகம்தான்.

ஷட்டரை நொடியில் 2000-இல் ஒரு பங்குக்கு வைத்தால் எல்லாம் உறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்குள் வாத்து 1 செ.மீ. நகர்கிறது. 500 மி.மீ. லென்ஸில், 40 மீட்டரில், அது சென்சர் மேல் 0.125 மி.மீ. இழுபடும். ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ. என்றால் முப்பது பிக்சல் தீற்றல். கண் இருந்த இடம் தெரியாது. ஆகவே பறவையோடு சேர்ந்து கேமராவும் திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பினால் குறைந்த ஷட்டர் வேகத்திலும் உடல் தெளிவாக விழும். 2000-இல் ஒரு பங்கு தேவைப்படுவது தனியாக அடித்துக்கொண்டிருக்கும் இறக்கைகளுக்காகத்தான்.

இங்கேதான் எடை குறுக்கிடுகிறது. எஃப்/4 துளை (குவியத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு அகலம்) கொண்ட 500 மி.மீ. லென்ஸுக்கு முன்புறத் திறப்பு 125 மி.மீ. வேண்டும்; எடை 3 கிலோவைத் தாண்டும். எஃப்/5.6 என்றால் 89 மி.மீ. போதும். நிக்கான் 2018-இல் கொண்டுவந்த 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் 1.46 கிலோதான். நிறப் பிசிறைத் திருத்தும் பள்ளவரி (ஃபிரெனெல்) வில்லை ஒன்று உள்ளே இருப்பதால் மற்றக் கண்ணாடிகளைக் குறைக்க முடிந்தது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம்: கனமான கண்ணாடி உடலிலிருந்து இரு மடங்கு தள்ளியிருந்தால், அதைத் திருப்புவதற்கு எதிரான தடை நான்கு மடங்காகும். 1993-இல் வந்த கேனன் 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் 1.25 கிலோ, அதில் அதிர்வுத் தடுப்பு வசதியே கிடையாது. அப்படியும் பறக்கும் பறவைக்கு அதை விரும்பியவர்கள் ஏராளம். பக்கவாட்டில் திருப்பும்போது அதிர்வுத் தடுப்பு சில சமயம் எதிராகவே இழுக்கும். மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் சரிசெய்யும் நிலை இருந்தால் அதற்கு மாற்றிவிட வேண்டும்.

எஃப்/4 வீண் என்று சொல்ல மாட்டேன். சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் இரவில் மேய்ந்துவிட்டு விடியலில் திரும்பும் பறவை. பினாங்கில் சூரியன் எழவே ஏழு மணியாகிவிடும். அந்த அரையிருட்டில், எஃப்/5.6-ஐவிட எஃப்/4 தரும் இரட்டிப்பு ஒளி பெரிய வரம். நல்ல வெயில் வந்த பிறகோ, எஃப்/5.6-இல் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 400-இல் வைத்தாலே 3200-இல் ஒரு பங்கு ஷட்டர் கிடைக்கும்.

நேராக நம்மை நோக்கி வரும் வாத்து வேறு வகைச் சோதனை. 500 மி.மீ. எஃப்/5.6-இல், 40 மீட்டரில், தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 மீட்டர். அதை வாத்து பத்தில் ஒரு நொடியில் தாண்டிவிடும். அதனால் தொடர் குவிய முறையில் கேமரா முந்தைய தூரங்களை வைத்து, அடுத்த கணம் பறவை எங்கிருக்கும் என்று கணித்துக் குவிக்கிறது. பறவையைச் சட்டகத்தில் விட்டுவிட்டால் கணக்கும் அறுந்துபோகும்.

நிற்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. பாதங்கள், படமெடுக்கப் போகும் திசையைப் பார்க்க வேண்டும்; பறவை முதலில் தென்பட்ட திசையை அல்ல. இடது உள்ளங்கையை லென்ஸின் முன்பகுதிக்கு அடியில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும்.

பத்து மணிக்கு மேல் வயல் வரப்பும் கடலோரச் சேறும் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் நீக்க முடியாது. நீண்ட லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.