அசெர்ட்டியில் தமிழ்99: விரல்கள் பழகும் விதம்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் கடைக்குப் போய் ஒரு மடிக்கணினி வாங்கினால் பெரும்பாலும் பிரெஞ்சு விசைப்பலகைதான் கிடைக்கும். மேல் எழுத்து வரிசை A, Z என்று தொடங்குவதால் அதற்கு அசெர்ட்டி என்று பெயர். "இந்த வருஷமாவது தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் தட்டச்சு பழகிவிட வேண்டும்" என்று கிளம்புகிறவருக்கு இங்கே முதல் நாளே ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்99 விசை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே A அச்சிட்ட விசையைத் தட்டினால் ஆ; அதன் கீழே Q விசையில் அ. காற்புள்ளியில் ர. ஆச்சரியக்குறியில் ழ! ஆங்கிலப் பலகைக்கு வரைந்த படத்தை வைத்துத் தேடினால் தலை சுற்றும்.

ஆனால் பழகிய கைக்கு அச்செழுத்தே தேவைப்படுவதில்லை. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்கள் தட்டச்சு செய்கிறவர்களிடம் வெற்றுப் பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னார்கள். 26இல் சராசரியாக 15தான் சரியாக வந்தது. அந்த அறிவு சொல்லிக்காட்டும் நினைவில் இல்லை; சிறுமூளையும் மூளையின் அடியிலுள்ள நரம்பு முடிச்சுகளும் பார்த்துக்கொள்ளும் செயல் நினைவில் இருக்கிறது.

'அம்மா'வை எடுத்துக்கொள்வோம். இடது சுண்டுவிரல் அ, வலது நடுவிரல் இரண்டு முறை ம, மறுபடி இடது சுண்டுவிரல் ஒரு வரிசை மேலே போய் ஆ. புள்ளி தானாக விழுந்துவிடும். தொடக்கத்தில் இவை நான்கு தனித்தனி முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் யோசனை. திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை நான்கையும் ஒரே அசைவாகக் கட்டிவிடுகிறது. உயிர் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை என்று பிரித்திருப்பதால் கைகள் மாறி மாறி இயங்குகின்றன; 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பின் அழகே அதுதான்.

பிறகு ஏன் முதல் வாரங்களில் வேகம் படுத்துவிடுகிறது? பழைய வழி அழிவதில்லை. புதியது அதன் பக்கத்திலேயே உருவாகிறது, இரண்டும் விரலுக்காகப் போட்டி போடுகின்றன. புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறி, ரோமன் எழுத்தில் தமிழ் தட்டிப் பழகிய என் போன்றவர்களுக்கு இந்த இழுபறி அதிகம். இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் பேசி வளர்ந்து, பெரியவர்களான பின் தமிழ் வகுப்புக்கு வரும் இத்தீவுக்காரர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கொடுத்துவைத்தவர்கள்.

எவ்வளவு நேரம் பழகலாம்? 1978இல் ஆலன் பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு நான்கு மணி நேரம், இடையில் இரண்டு குழுக்கள். அதே தேர்ச்சிக்கு மொத்தத்தில் குறைந்த மணி நேரம் செலவிட்டது ஒரு மணி நேரக் குழுதான். ஆனால் நாள் கணக்கு நீண்டதால் அவர்களுக்குத்தான் திருப்தி குறைவு! மளமளவென்று முன்னேறுகிறோம் என்ற உணர்வை நம்பிப் பயிற்சியை அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இப்படி இடைவெளி விட்டுப் பழகுவது உதவுவதற்குத் தூக்கமும் ஒரு காரணம். விரல்களை வரிசையாகத் தட்டும் ஒரு பயிற்சியில், இரவு தூங்கி எழுந்ததும் மேலும் பழகாமலே வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியதை 2002இல் கண்டார்கள். லண்டனில் அன்றாடப் பழக்கங்களை ஆராய்ந்தவர்கள் 2010இல் தந்த கணக்கும் ஆறுதலானது: ஒரு செயல் தானாக வர, சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை. சபதத்தைவிட "காலைக் காப்பி குடித்ததும் உட்காருவேன்" என்று நேரத்தோடு முடிச்சுப் போடுவது நன்றாக வேலை செய்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நடு வரிசையில். அ, இ, உ, புள்ளி, எ இடப்பக்கம். க, ப, ம, த, ந, ய வலப்பக்கம். தம்பி, அப்பம், இதயம், நியதி எல்லாம் இதிலேயே எழுதலாம். அசெர்ட்டியில் இந்த வரிசையில் மாறியிருக்கும் அச்சுகள் மூன்றே: அ, ந, ய விழும் விசைகள். அவை கைக்கு வந்தபின் மேல் வரிசைக்குப் போகலாம். ழகரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.