ஆயில் ஃபில்டர்: எண்ணெய் வடிகட்டி

ஆயில் ஃபில்டர் (பெயர்ச்சொல்): எஞ்சினுக்குள் சுற்றிவரும் எண்ணெயிலிருந்து உலோகத் துகள், கரி, தூசி ஆகியவற்றைப் பிடித்து நிறுத்தும் பாகம். தமிழில் எண்ணெய் வடிகட்டி.

ஃபில்டர் என்பதன் வேர் இடைக்கால லத்தீனில் உள்ள ஃபில்ட்ரம். கம்பளி மயிரை அமுக்கிச் செய்த துணிக்கு அந்தப் பெயர். இன்று ஃபெல்ட் என்கிறோமே, அதுதான். திரவங்களைத் தெளிவாக்க அந்தத் துணியில் ஊற்றி இறக்கினார்கள். துணியின் பெயரே கருவிக்கும் ஆகிவிட்டது. ஆயில் என்பது ஒலிவ எண்ணெயைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. நம் எண்ணெயும் அப்படித்தான்: எள் + நெய். ஒன்று காயின் பெயர், மற்றது வித்தின் பெயர். இரண்டும் இன்று மண்ணுக்கடியிலிருந்து எடுப்பதற்கும் பொருந்துகின்றன.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல்லே உண்டு: நெய்யரி. நெய்யை அரிப்பது, அதாவது பன்னாடை. 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல், கடை மாணாக்கருக்குக் காட்டும் உவமைகளில் இதுவும் ஒன்று. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். மாணவனிடம் அது குறை. எஞ்சினில் நமக்கு வேண்டியதே அதுதான். பொருள் கச்சிதமாக இருந்தும் சொல் வழக்கிழந்துவிட்டது. இன்று நெய்யரி என்று எழுதினால் சமையல் சாமான் என்றே நினைப்பார்கள்.

வழக்கில் நிற்பது வடிகட்டி. கஞ்சி வடிப்பதில் உள்ள அதே ‘வடி’. ‘கட்டு’ என்பதில் பானை வாயில் துணியை வேடுகட்டும் பழக்கம் தெரிகிறது. வடிப்பான் என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் கணினித் திரையில் தகவலைப் பிரித்தெடுப்பதற்கு அது நிலைத்துவருவதால், கையில் பிடிக்கும் பொருளுக்கு வடிகட்டியே மேல். முறுக்கு சுட்ட எண்ணெயை வடிக்கும் பாத்திரத்தோடு குழப்பம் வரும் இடத்தில் ‘உயவெண்ணெய் வடிகட்டி’ எனலாம். மசகு எண்ணெய் என்ற சொல்லை இங்கே தவிர்ப்பது நல்லது: தமிழ்நாட்டில் அது உராய்வு தணிக்கும் எண்ணெய், இலங்கைச் செய்தித்தாள்களில் கச்சா எண்ணெய்.

தொடக்ககாலக் கார்களில் இந்தப் பாகமே கிடையாது. பம்பின் வாயில் ஒரு கம்பிவலை இருந்தால் அதிகம். அமெரிக்காவில் 1920களில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கிய வடிகட்டி பியூரோலேட்டர் என்ற பெயரில் வந்தது.

இப்போது பரவலாக உள்ளது தகர டப்பா போலத் திருகி மாட்டும் வகை. அதன் அடித்தட்டில் ஓரமாக இருக்கும் சிறு துளைகள் வழியாக எண்ணெய் உள்ளே போகிறது. மடிப்பு மடிப்பான வடிதாளை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, மரை வெட்டிய நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கும். ரப்பராலோ சிலிக்கோனாலோ ஆன திரும்பவிடா வால்வு, வண்டி நிற்கும்போது டப்பாவிலுள்ள எண்ணெய் கீழே இறங்கிவிடாமல் தடுக்கும். அது கெட்டுவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘கடகட’வென்று சத்தம் வரும். மற்றது மாற்றுவழி வால்வு. தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ அது திறந்து, வடிக்காத எண்ணெயையாவது, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு அனுப்பும். அழுக்கு எண்ணெய் தேய்மானம் தரும். எண்ணெயே இல்லாவிட்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருப்பதால் டப்பாவுக்குள் இருக்காது.

ஆகவே உருவத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, பாக எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். மரை அளவில் பெரிய பொறி ஒன்று உண்டு. 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்ட மரை ஒன்று. முக்கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 சுற்று உள்ள மரை மற்றொன்று. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டால் ஒன்று பாதியில் இறுகும், அல்லது தொளதொளவென்று ஏறி, ஓடும்போது அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும். பல டீசல் எஞ்சின்களில் டப்பா இல்லை. மூடியைக் கழற்றித் தாள் உருளையை மட்டும் மாற்றும் வகை. அதில் மூடியின் ஓ-ரிங்கையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் இளகும், கையைச் சுடாது. சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு அடைகொடுத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்கவே கூடாது. மேலே எண்ணெய் மூடியைத் திறந்து, கீழே வடிகால் போல்டைக் கழற்றி 10 முதல் 15 நிமிடம் வடியவிட்டு, புது வாஷர் போட்டு மூடுங்கள். அலுமினிய ஆயில் பேனில் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) பலம் காட்டினால் மரை போய்விடும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் டப்பாவோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் விடுவதுதான் வீட்டு வேலையில் நேரும் மிகப் பெரிய தவறு. பழைய வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்க, புதியது அதன்மேல் ஏறினால், அழுத்தம் வந்ததும் இரட்டை வளையம் பிதுங்கும். சிறிது நேரத்தில் எண்ணெய் மொத்தமும் தரையில். புது வளையத்தில் புது எண்ணெயைத் தடவிக் கையால் திருகுங்கள். வளையம் எஞ்சினைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று போதும். டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. ஃபில்டர் ஸ்பேனர் கழற்றுவதற்கு, இறுக்குவதற்கு அல்ல.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்குக் கையேட்டில் ‘ஃபில்டருடன்’ என்றிருக்கும் அளவைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். முழுவதையும் ஊற்றாமல் கால் லிட்டரை மிச்சம் வையுங்கள். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால், எண்ணெய் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஃபில்டர் விளிம்பிலும் போல்டிலும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டியைத் தரையிறக்கி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு காட்டும் குச்சி) எடுத்துப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி அது அபாயக் கழிவு. கேனில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வைத்த பிறகு, பொறுமை இருந்தால் டப்பாவை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கலாம். கறுப்புப் படிவு இயல்பு. வெளிச்சத்தில் செதில் செதிலாக மின்னும் உலோகத் துணுக்கு தெரிந்தால், பேரிங் தேய்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டியபிறகே நெடும்பயணம் கிளம்புங்கள்.