ஹார்ட்டாப் என்றால் கடினக் கூரையா?

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ஹார்ட்டாப் என்ற சொல் வந்ததும் ‘கடினக் கூரை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘1949இல் வந்த காடிலாக் கூப் டி வில், கடினக் கூரை கொண்ட சொகுசுக் கார்’ என்று படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? அம்பாசடருக்கும் கூரை கடினம்தான். தெருவில் போகிற எல்லாக் காருக்கும் தகரக் கூரைதான். காடிலாக்கில் மட்டும் அதைச் சிறப்பாகச் சொல்ல என்ன இருக்கிறது?

சொல் வந்த வழி சிறியது. ஹார்ட் என்றால் கெட்டி, டாப் என்றால் மேல்மூடி. ஆனால் அந்தக் ‘கெட்டி’ சாதாரண காரோடு ஒப்பிட்டுச் சொன்னதல்ல. கித்தான் கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற கன்வெர்ட்டிபிளோடு ஒப்பிட்டுச் சொன்னது. கன்வெர்ட்டிபிளில் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் நடுவே ஒரு தடுப்பும் இருக்காது. அந்த அழகு வேண்டும், ஆனால் மழைக்கும் குளிருக்கும் கித்தானை நம்பியிருக்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் மூன்று கார்களை இறக்கியது: பியூக் ரோட்மாஸ்டர் ரிவியரா, ஓல்ட்ஸ்மொபில் 98 ஹாலிடே, காடிலாக் கூப் டி வில். கன்வெர்ட்டிபிளின் உடல்வாகு அப்படியே இருக்க, மேலே நிலையான எஃகுக் கூரை. கூப் டி வில்லின் உள்கூரையில், கித்தானைத் தாங்கும் வளைவுகளைப் போலவே குரோமியப் பட்டைகளைக்கூடப் பதித்தார்கள். ‘ஹார்ட்டாப் கன்வெர்ட்டிபிள்’ என்றுதான் அப்போது விற்றார்கள். நாளடைவில் பின்சொல் உதிர்ந்து முன்சொல் மட்டும் நின்றது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பார்ப்பது அந்த உதிர்ந்து எஞ்சிய பாதியை மட்டும்தான்.

ஆக, ஹார்ட்டாப்பின் அடையாளம் கூரை அல்ல, இல்லாத தூண். முன்கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கி நிற்கும் கம்பத்தை நம் மெக்கானிக்குகள் ‘சென்டர் பில்லர்’ என்பார்கள். ஹார்ட்டாப்பில் கண்ணாடி தொடங்கும் மட்டத்துக்கு மேல் அது கிடையாது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கினால் முன்கண்ணாடியிலிருந்து பின்தூண் வரைக்கும் ஒரே திறப்பு.

‘கடினம்’ வடசொல், ‘வன்கூரை’ என்று சொல்லலாமே என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். தனித்தமிழ்ச் சொல்லைத் தேடுவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் ஹார்ட்வேருக்கு வன்பொருள், ஹார்ட் டிஸ்குக்கு வன்தட்டு, அதனால் ஹார்ட்டாப்புக்கு வன்கூரை என்று அச்சில் வார்ப்பது சொல்லாக்கம் ஆகாது. வடசொல் போயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. இன்னும் சொன்னால் பிழை கூடிவிட்டது. வன்மை என்றால் வலிமை. வன்கூரை என்று படிக்கிறவர் ‘உருண்டாலும் நசுங்காத கூரை போல’ என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிரானது. நடுத்தூண் இல்லாததால் கூரையின் பாரம் முழுவதும் முன்னும் பின்னும்தான் இறங்கும். உடல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அடிச்சட்டத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. கார் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் இந்த வகை மறைந்ததற்கு ஒரு காரணம். கண்ணாடிகள் சேருமிடத்தில் காற்று இரைந்தது, மழைநீர் கசிந்தது. ஏசி வந்தபின் கண்ணாடியை இறக்கி ஓட்டுகிறவர்களும் குறைந்தார்கள். காடிலாக்கின் சிடான் டி வில் 1976 வரை தூணில்லாமல் வந்தது, அத்தோடு சரி.

காடிலாக்கின் 1957 எல்டொராடோ புரோம் காரைப் பாருங்கள். நான்கு கதவு, விலை 13,074 டாலர், கூரை பளபளக்கும் துருப்பிடிக்கா எஃகு. ‘கடினக் கூரை’யை நம்பிப் படித்தவர், அந்த எஃகுக்காகத்தான் இதை ஹார்ட்டாப் என்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். கூரையைத் தகரத்தில் செய்திருந்தாலும் அது ஹார்ட்டாப்தான்.

சரி, எப்படிச் சொல்வது? ‘நடுத்தூணிலி’ என்பது என் விடை. முதுகெலும்பிலி என்று பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்களே, அதே அமைப்பு. வெறும் ‘தூணிலி’ போதாது, முன்தூணும் பின்தூணும் இருக்கின்றனவே. ஆயிரங்கால் மண்டபம் என்கிறோமே, ‘கால்’ என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் வண்டி என்று வரும்போது கால் என்பது சக்கரம். ‘கால்வல் நெடுந்தேர்’ என்கிறது குறள். நடுக்காலிலி என்றால் சக்கரம் கழன்ற வண்டியாகிவிடும். நடுத்தூணிலி வாயில் நுழையாவிட்டால் ‘நடுத்தூண் இல்லாத கார்’ என்று விரித்துச் சொல்லுங்கள், அல்லது ஹார்ட்டாப் என்றே எழுதுங்கள். பொருளை மறைக்கிற தமிழ்ச் சொல்லைவிடப் பொருள் தெரிந்த கடன்சொல் எவ்வளவோ மேல்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், காரின் கதவைத் திறப்பதில்லை. ‘டி வில்’லை ‘டெவில்’ என்று எழுதுவதும் அதனால்தான். அது பிரெஞ்சு, ‘நகரத்துக்குரிய’ என்று பொருள். ஓட்டுநர் வெட்டவெளியிலும் பயணிகள் கூரைக்குக் கீழும் உட்காரும் குதிரை வண்டிக்கு ‘கூப்பே டி வில்’ என்று பெயர் இருந்தது. 1949 காரில் ஓட்டுநரும் கூரைக்குள்தான், ஆகவே அங்கே அது வெறும் பெயர், பெயர்க்க வேண்டியதில்லை.

1970களில் ஃபோர்டு, நடுத்தூண் உள்ள காரையே ‘பில்லர்ட் ஹார்ட்டாப்’ என்று விற்றது. அதைத் ‘தூணுள்ள கடினக் கூரை’ என்று எழுதினால் உலகத்திலுள்ள எல்லாக் காரும் அதில் அடங்கிவிடும். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாததை வைத்துத்தான் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள், ஆகவே ‘சட்டமிலாக் கண்ணாடிக் கார்’ என்பதே சரி. 1957இல் அதே நிறுவனத்தின் ஸ்கைலைனரில் எஃகுக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும். அதுவும் ஹார்ட்டாப் என்றே வழங்குகிறது, ஆனால் பொருள் வேறு. அதற்கு ‘மடியும் எஃகுக் கூரை’ என்று எழுதுங்கள்.