யுவ சங்கம்: ஜோடி மாநிலத்தில் ஒரு வாரம்

'யுவ சங்கம்' என்று காதில் விழுந்ததும் ஏதோ கட்சியின் இளைஞர் அணி என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைப்போம். தமிழில் சங்கம் என்றால் சந்தா, உறுப்பினர் அட்டை, தலைவர் தேர்தல். இந்தப் பெயர் இந்தியிலிருந்து வந்தது. அங்கே சங்கம் என்பது ஆறுகள் கூடும் இடம், நம் ஊர்ப் பேச்சில் சங்கமம். ஒன்றிய கல்வி அமைச்சகம் நடத்தும் இளைஞர் பரிமாற்றத் திட்டம் இது. இங்கிருந்து ஒரு குழு வேறு மாநிலத்துக்குப் போய்த் தங்கி வரும், அங்கிருந்து ஒரு குழு இங்கே வரும்.

இதன் தாய்த் திட்டம் 'ஒரே பாரதம் உன்னத பாரதம்'. 2015 அக்டோபர் 31, வல்லபபாய் படேல் பிறந்தநாளில் அறிவித்தார்கள். மாநிலங்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடுவதுதான் அதன் அடிப்படை. தமிழ்நாட்டுக்கு வாய்த்த ஜோடி ஜம்மு காஷ்மீரும் லடாக்கும். யுவ சங்கம் 2023 தொடக்கத்தில் முதல் கட்டத்தை ஆரம்பித்தபோது வடகிழக்கு மாநிலங்களுக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்தார்கள். ஆக, கட்டத்துக்குக் கட்டம் ஜோடி மாறலாம். எனக்கு மணாலி வேண்டும், சிக்கிம் வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. அறிவிப்பில் எந்த மாநிலம் வருகிறதோ அங்கேதான் பயணம்.

18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். கல்லூரி மாணவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். ஆனால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), நேரு யுவ கேந்திரா (இப்போது 'மை பாரத்') தொண்டர்களுக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கும், சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் இடம் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. டிகிரி முடித்துவிட்டு அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் 26 வயதுப் பையனும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். பதிவு இணையத்தில், ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் நடத்தும் தளத்தில். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றை ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொறுப்பு நிறுவனமாக வைப்பார்கள். ஆள் தேர்வும் பயண ஏற்பாடும் அவர்கள் கையில்.

பதிவு செய்யும்போது நம்மவர்கள் தடுமாறுவது பெயரில்தான். படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தாலே நமக்குச் சங்கடம். ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுசாக எழுதுவார். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். ரயிலில் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதால் ஆதாரில் உள்ளபடியே எழுதிவிடுவது நல்லது. இந்தத் திட்டத்தில் இடம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

பயண நாட்களைக் கழித்து 5 முதல் 7 நாள் அங்கே இருப்பார்கள். நிகழ்ச்சிகளை ஐந்து தலைப்பில் வகுத்திருக்கிறார்கள்: சுற்றுலா, மரபு, வளர்ச்சி, ஒருவரோடொருவர் பழகுதல், தொழில்நுட்பம். இந்தியில் ஐந்தும் 'ப'வில் தொடங்கும், அந்த அழகுக்காகவே சேர்த்தார்களோ என்னவோ. கோட்டை, கோயில், அணைக்கட்டு, ஆய்வுக்கூடம் எல்லாம் சுற்றிக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் நான்காவது தலைப்பு ஒன்றுக்காகவே போகலாம். மற்றதை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காஷ்மீரையே எடுத்துக்கொள்வோம். அங்கே வாஸ்வான் விருந்து என்றால் நான்கு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்கு 'த்ராமி' என்று பெயர். கை கழுவத் தண்ணீரும் பாத்திரமும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். நமக்கோ ஆளுக்கு ஒரு இலை, அடுத்தவர் கை பட்டால் எச்சில். அங்கே கூச்சப்பட்டுத் தனித்தட்டு கேட்கிறவரைப் பார்த்து விருந்து வைத்தவர் என்ன நினைப்பார்? நம் வீட்டுக்கு வந்த காஷ்மீரிப் பிள்ளை இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் விழித்தால் நாம் என்ன சொல்வோம்? நாளைக்கு ஊராட்சியிலோ கலெக்டர் ஆபீசிலோ உட்காரப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளை ஒரு முறையாவது நேரில் சந்திக்க வேண்டும்.

மொழி அடுத்த தலைவலி. இதுபோன்ற அனைத்திந்திய நிகழ்ச்சிகளில் மேடை ஏறுகிறவர் இந்தியில் பேசுவார், நம் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர் கைதட்டுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நடத்தும் திட்டத்தில் இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். தாய்த் திட்டத்திலேயே இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. 'பாஷா சங்கம்' என்ற பெயரில் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அன்றாடம் பேசும் 100 வாக்கியங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அதிலிருந்து பத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு போனாலே போதும். காஷ்மீரியில் நலம் விசாரிக்க 'வாரய் ச்சிவா?' என்பார்கள். வாராய் சிவா என்று கூப்பிடுவதுபோல இருப்பதால் நமக்கு மறக்கவே மறக்காது.

இடம் கிடைப்பது எளிதல்ல. முதல் சில ஆண்டுகளில் 114 பயணங்களில் 4,795 பேர் போய் வந்ததாக அரசு சொல்கிறது. அதாவது ஒரு குழுவுக்கு 42 பேர். ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் 44,000 பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பறை அடிப்பேன், பட்டிமன்றத்தில் பேசுவேன், ஊரில் ஏரி தூர்வாரினோம் என்று செய்ததைத் தயங்காமல் எழுதுங்கள். போய் வந்ததால் அரசு வேலையில் சலுகை எதுவும் கிடைக்காது, அந்த எண்ணத்தில் விண்ணப்பிக்க வேண்டாம்.

கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, இதைவிடப் பழைய வழி. 1969 செப்டம்பர் 24 அன்று காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய என்.எஸ்.எஸ்., தேசிய ஒருமைப்பாட்டு முகாம்களை நடத்துகிறது. பல மாநிலத் தொண்டர்கள் ஏழு நாள் ஒரே இடத்தில் தங்குவார்கள். இதில் ஜோடி கிடையாது. ஒரே குழாயடியில் மணிப்பூரும் ராஜஸ்தானும் வாளியோடு வரிசையில் நிற்கும். இதற்கான சுற்றறிக்கை கல்லூரித் திட்ட அலுவலருக்கு வரும், பெரும்பாலும் கடைசி நேரத்தில். அவரை வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள்.