சாயல்: 'எதேச்சையான ஒற்றுமை' என்னும் பிழை

ஜெர்மனி கால்பந்து அணியின் சட்டையில் 44 என்ற எண்ணை அச்சிட்டு விற்பதை அடிடாஸ் நிறுவனம் 2024 ஏப்ரலில் நிறுத்தியபோது, அதைப் பற்றிய தமிழ்ச் செய்தி ஒன்றைக் கண்பார்வை மங்கிய என் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அந்த எண் நாஜிச் சின்னத்துடன் எதேச்சையான ஒற்றுமை கொண்டிருந்தது என்று செய்தியில் எழுதியிருந்தார்கள். முழுதும் கேட்டுவிட்டு அவர், "அந்தக் கம்பெனிக்காரங்க அவங்களோட ஒத்துமையா இருந்தாங்கன்னா, நம்பரை மட்டும் நிறுத்தினா சரியாப் போச்சா?" என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாக நாள்தோறும் செய்தித்தாள் படித்தவர் அவர். அவர் புரிந்துகொண்டதில் குறை எதுவும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட சொல்லில்தான் குறை. ஆடை நிறுவனம் ஒன்று விற்பனையிலிருந்து எதையாவது விலக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இதே தொடர் வந்து விழுவதால், இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

இந்த இடத்தில் வரவேண்டிய தமிழ்ச் சொல் 'சாயல்'. ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றை நினைவூட்டும் தோற்றம் என்பது அதன் இன்றைய பொருள். 'சாயல் மென்மை' என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அந்த மென்மைப் பொருளிலிருந்து அழகு, தோற்றம், ஒத்த தோற்றம் என்று சொல் நகர்ந்து வந்திருக்கிறது. நிழலைக் குறிக்கும் வடசொல்லான சாயையோடு இதை இணைப்பவர்களும் உண்டு, சாய் என்ற தமிழ் வேரிலிருந்து கொள்பவர்களும் உண்டு. எந்த வழியில் வந்திருந்தாலும், 'பேரனிடம் தாத்தாவின் சாயல் தெரிகிறது' என்று சொன்னால் அதன் பொருள் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது 'ஒற்றுமை'. ஒன்று என்பதிலிருந்து பிறந்தது. ஒன்றாக இருத்தல் என்பதே அடிப்படைப் பொருள். இலக்கணத்தில் வேற்றுமைக்கு எதிர்நிலையாக இது வருவதையும், இரட்டையரைப் பற்றிப் பேசும்போது 'உருவ ஒற்றுமை' என்று நாம் சொல்வதையும், இரண்டு பொருள்களுக்கிடையே உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதச் சொல்லிப் பள்ளித் தேர்வில் கேட்பதையும் நான் மறுக்கவில்லை. அங்கெல்லாம் 'உருவ' என்ற அடைமொழியோ, அருகில் நிற்கும் 'வேற்றுமை'யோ பொருளைக் காத்துக்கொள்கிறது. அந்தக் காவல் இல்லாமல், 'உடன்' அல்லது 'ஓடு' என்ற உருபை ஏற்ற ஒரு பெயருக்குப் பின்னால், அதுவும் ஓர் அரசியல் இயக்கத்தின் பெயருக்குப் பின்னால் 'ஒற்றுமை' வந்து நின்றால், தமிழ் காதுக்கு அது தோழமை, உடன்பாடு, கூட்டு என்றுதான் கேட்கும். தொழிலாளர் ஒற்றுமை, மக்கள் ஒற்றுமை, ஊர் ஒற்றுமை என்று இத்தனை காலம் மேடைகளில் முழங்கிவிட்டு, 'நாஜிச் சின்னத்துடன் ஒற்றுமை' என்பதை மட்டும் வேறு பொருளில் எடுத்துக்கொள் என்று வாசகரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொடர்பே இல்லை என்று ஒரு நிறுவனம் மறுக்கும் செய்தியில், தொடர்பு உண்டு என்னும் பொருள்படும் சொல்லையே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

அதற்கு முன்னால் நிற்கும் 'எதேச்சையான' என்ற சொல் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. யதா, இச்சை என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது யதேச்சை. இச்சைப்படி, விருப்பம்போல் என்று பொருள். தன் விருப்பத்தையே சட்டமாக்கி ஆள்பவனின் ஆட்சியை எதேச்சாதிகாரம் என்று நாம் சொல்வது இந்தப் பொருளில்தான். பேச்சு வழக்கில் 'எதேச்சையாகச் சந்தித்தோம்' என்று தற்செயலைக் குறிக்க இது வந்துவிட்டது. வழக்கை நான் பழிக்கவில்லை. ஆனால் நோக்கம் இருந்ததா, இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் ஒரு செய்தியில், விருப்பம்போல் என்ற பொருளை அடிவயிற்றில் வைத்திருக்கும் சொல்லை எழுதுவது தகாது. இரண்டையும் சேர்த்து வேரோடு படித்தால் 'விருப்பப்படி ஒன்றுபட்டிருத்தல்' என்று வருகிறது. சொல்லவந்ததற்கு நேர் எதிர் இது. 'தற்செயலான' என்று மாற்றினால் பாதி நோய் தீரும். 'ஒற்றுமை' என்ற மறுபாதி அப்படியே இருக்கும்.

அந்த 44ஐச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் சின்னம், மின்னல் கீற்றுப்போல் மடிந்த இரண்டு கோடுகள் அருகருகே நிற்கும் வடிவம். சட்டைக்கென்று வரைந்த 4, வளைவே இல்லாமல் கூர்முனைகளோடு மடிந்து இறங்கியது. தனியாக நிற்கும் 4இல் எவருக்கும் எதுவும் தோன்றாது. இரண்டு 4 தோளுரசி நின்றவுடன் அந்தப் பழைய கீற்றுகள் கண்ணில் எழுந்துவிடுகின்றன. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களைத் தாங்கள் சரிபார்த்ததாகவும், 1 முதல் 26 வரையிலான எண்களை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் பார்வைக்கு அனுப்பியதாகவும், அப்போது எவரும் இந்த நெருக்கத்தைக் காணவில்லை என்றும் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் விளக்கியது. அந்த ஆண்டின் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஆடியவர்களுக்கு 26க்கு மேல் எண் கிடையாது. 44 என்பது தனக்குப் பிடித்த எண்ணை அச்சிட்டு வாங்கும் ரசிகரின் சட்டையில் மட்டுமே வரக்கூடியது. வரைந்தவரின் மேசையில் இல்லாத ஒன்று, இரண்டு இலக்கங்கள் சேர்ந்த இடத்தில், பார்ப்பவர் கண்ணில் பிறந்தது. இதற்குப் பெயர்தான் சாயல். சாயலை எவரும் செய்வதில்லை. அது தெரிகிறது, தட்டுகிறது, அடிக்கிறது. இந்த வினைகள் எல்லாம் பார்ப்பவர் பக்கத்திலிருந்தே வருகின்றன என்பதையும் கவனிக்கவேண்டும். அதனால் 'நோக்கமில்லாத' என்ற அடைமொழியைத் தனியே சுமக்கவேண்டிய தேவைகூடப் பெரும்பாலும் இந்தச் சொல்லுக்கு இல்லை.

ஒற்றுமை வேண்டாமென்றால் 'ஒப்புமை' போதாதா என்று மொழியறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. ஒப்புமை என்பது இரண்டையும் எதிரெதிரே வைத்து உறுப்பு உறுப்பாகப் பொருத்திப் பார்ப்பவர் கண்டடைவது. 2014 ஆகஸ்டில் ஸாரா நிறுவனம் விலக்கிக்கொண்ட குழந்தைகள் சட்டையை இந்த முறையில் அளந்தால் என்ன ஆகும்? நாஜி வதைமுகாம்களில் கைதிகள் அணிந்த உடையின் பட்டைகள் நெடுக்கில் ஓடுபவை. சட்டையின் பட்டைகள் கிடையாக இருந்தன. மார்பில் இருந்த மஞ்சள் ஆறுமுனை நட்சத்திரத்தின் மேல், உற்றுப் பார்த்தால் தெரியும் எழுத்தில் 'ஷெரிஃப்' என்று எழுதியும் இருந்தது. பழைய அமெரிக்க மேற்குப் படங்களின் காவல் அதிகாரி அணியும் நட்சத்திரத்திலிருந்து எடுத்தது என்று நிறுவனம் சொன்னது. அப்படிப்பட்ட ஆறுமுனை நட்சத்திரங்கள் உண்டு. உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டால் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் பட்டை போட்ட சிறு சட்டை, இடப்பக்க மார்பில் மஞ்சள் நட்சத்திரம், அதுவும் ஒரு குழந்தைக்கு என்ற அந்த முழுத்தோற்றத்தை ஒருமுறை பார்த்தவருக்கு, நாஜிகள் யூதர்களை அணியவைத்த நட்சத்திரமும் முகாம் உடையும் நினைவுக்கு வராமல் இருக்காது. கூறுபோட்டால் மறைந்து, சேர்த்துப் பார்த்தால் எழுவதைச் சாயல் என்றுதான் சொல்லமுடியும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டதும் இந்தச் சாயலுக்காகவே.

ஒற்றுமை என்ற சொல்லுக்கு உரிய இடமும் இந்தத் துறையிலேயே இருக்கிறது. 2007இல் அதே நிறுவனம் விலக்கிக்கொண்ட கைப்பையின் ஓரங்களில் பச்சை நிறத்தில் இருந்தவை சுவத்திகங்கள். பை இந்தியாவில் செய்யப்பட்டது. செய்தவர்களுக்கு அது மங்கலக் குறி, பிரிட்டனில் அதை வாங்கிய பெண்ணுக்கோ அது நாஜிச் சின்னம். இங்கே வடிவம் ஏதோ ஒன்றை நினைவூட்டவில்லை. வடிவம் அதுவேதான், பொருள்தான் வேறு. ஆகவே 'வடிவ ஒற்றுமை, பொருள் வேற்றுமை' என்று இதை எழுதினால் இலக்கணமும் வழுவாது. மேலே சொன்ன 44ஐயும் இந்தப் பையையும் ஒரே சொல்லால் எழுதுகிறவர், இரண்டு வெவ்வேறு தவறுகளை ஒன்றாக்கிவிடுகிறார்.

சாயலுக்குப் பதிலாகச் 'சாடை' என்று எழுதலாமா என்ற கேள்வியும் வரும். முகச்சாடை என்று பேச்சில் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் சாடை காட்டுதல், சாடையாகச் சொல்லுதல் என்றால் வேண்டுமென்றே தரும் குறிப்பு. அந்தப் பொருளை வேறோர் இடத்துக்குக் காத்துவைக்கவேண்டும். லான்ஸ்டேல் என்பது 1960இல் தொடங்கிய பிரிட்டன் குத்துச்சண்டை உடை நிறுவனம். அதன் ஆங்கிலப் பெயரின் நடுவில் என், எஸ், டி, ஏ என்ற நான்கு எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. மேலங்கியைப் பாதி திறந்துவிட்டு உள்ளே இந்தச் சட்டையை அணிந்தால், நாஜிக் கட்சிப் பெயரின் சுருக்கமான என்.எஸ்.டி.ஏ.பி. என்பதில் கடைசி எழுத்து ஒன்று மட்டுமே குறையும்; ஜெர்மனியில் புதுநாஜிகள் இதற்காகவே அதை வாங்கி அணிந்தார்கள். நிறுவனமோ அவர்களை மறுத்து, இனவெறிக்கு எதிரான இயக்கங்களுக்குத் துணை நின்றது. பெயரில் இருந்தது சாயல். பின்னர் அந்தக் குறைந்த எழுத்தையும் சேர்த்துக் கான்ஸ்டேப்பிள் என்ற பெயரில் புதுநாஜிகளே ஓர் உடை வகையைக் கொண்டுவந்தார்கள், அது சாடை. ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தை இருமுறை சொல்லி ஹிட்லர் வாழ்த்தைக் குறிக்க 88 என்று சட்டையில் போட்டுக்கொள்வதும் சாடையே. நோக்கமற்றதற்கும் நோக்கமுள்ளதற்கும் இப்படி ஒலியிலும் நெருங்கிய இரண்டு சொற்களைத் தமிழ் தயாராக வைத்திருக்கும்போது, இரண்டுக்கும் சேர்த்து 'ஒற்றுமை' என்று எழுதுவது கையிலிருக்கும் கூர்மையை வீணாக்குவது.

சாயல் மென்மையான சொல், நிறுவனத்தைத் தப்பவிட்டுவிடும் என்பது எனக்கு வந்த மறுப்புகளில் வலுவானது. அப்படி இல்லை. சாயல் இருந்தது என்று எழுதுவது, அதைக் கவனித்திருக்கவேண்டியவர் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டை முழுதாக விட்டுவைக்கிறது. உடன்பட்டார்கள் என்ற செய்யாத குற்றத்தை மட்டுமே நீக்குகிறது. சாய்வு என்ற சொல் அரசியல் சார்பைக் குறிப்பதால் சாயலும் அந்தப் பக்கம் சாயும் என்ற அச்சத்துக்கும் வழக்கில் ஆதாரம் இல்லை. 'வலதுசாரிச் சாய்வு' என்று எழுதும் எவரும் 'வலதுசாரிச் சாயல்' என்று எழுதிக் கட்சியைக் குறிப்பதில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது மொழிபெயர்க்கும் வேகம். இந்தச் செய்திகளில் 'நாஜிச் சின்னத்தைப் பயன்படுத்திய நிறுவனம்' என்று எழுதுகிறார்கள். 'பயன்படுத்திய' என்பது நோக்கத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடும் வினை. நிறுவனம் தானே விலக்கிக்கொண்டதை 'தடை செய்யப்பட்டது' என்கிறார்கள். தடை செய்ய அரசோ நீதிமன்றமோ வேண்டும். 44 விவகாரத்தில் சட்டை விற்பனையில்தான் இருந்தது, அந்த எண்ணை அச்சிடுவதுதான் நின்றது. சட்டையே திரும்பப் பெறப்பட்டதாக எழுதியதையும் பார்த்தேன். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு, தடைபெற்ற அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கிறது. அந்தச் சின்னங்களோடு மயங்கும் அளவுக்கு ஒத்திருப்பவற்றையும் அவற்றுக்கு இணையாகவே அது வைக்கிறது. இதைக் 'குழப்பமான ஒற்றுமை' என்று எழுதினால், குழம்பிக் கிடப்பது ஒற்றுமை என்று ஆகிவிடும். குழம்புவது பார்ப்பவர் அல்லவா? உருபு மயக்கம், திணை மயக்கம் என்று ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்பதை 'மயக்கம்' என்று சொல்லிப் பழகிய மொழியில், அந்தச் சட்டத் தொடரை 'மயங்கத்தக்க சாயல்' என்று எழுதலாம். சட்டத் தமிழில் 'நோக்கமில்லாத' என்பதைத் தனியே சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'கருதாச் சாயல்' என்று எழுதலாம். செய்தித் தமிழுக்குச் 'சாயல்' ஒன்றே போதும். 'எஸ்.எஸ். சின்னத்தின் சாயல் தெரிந்ததால் 44 என்ற எண்ணை அச்சிடுவதை அடிடாஸ் நிறுத்தியது' என்று அன்றைக்கு எழுதியிருந்தால், என் தந்தை அந்த எண்ணைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக்காட்டச் சொல்லியிருப்பார்.